சந்துச் சாமான்

மெயின்லாண்டில் ஒரு மரப்பெட்டி போர்ட் பிளேருக்குக் கப்பலேறினால், பெட்டிக்காரன் வைத்தது மட்டும்தான் அதற்குள் இருக்கும் என்று நினைக்கிறவன் அந்தமானில் ஒரு மாதம்கூட இருந்திருக்க மாட்டான். சர்க்கார் பெட்டியோ, பள்ளிக்கூடப் பெட்டியோ, தையல் மெஷின் வந்த பெட்டியோ, எதற்குள்ளும் நாலு மூலையில் சந்து இருக்கும். துறைமுகத்தில் யாராவது ஒரு புண்ணியவான் அந்தச் சந்தில் மச்சானுக்குப் பெருங்காயமும் அத்தை மகளுக்கு ஒரு சேலையும் செருகியிருப்பான். இதற்குச் சந்துச் சாமான் என்று பெயர். பேர் எழுதியிருந்தால் அந்தப் பேருக்குரியவர் வீட்டுக்குப் போகும். எழுதாவிட்டால் பெட்டியைத் திறக்கிற ஸ்டோர் கீப்பர் யாருடையது என்று ஊகித்துச் சேர்த்துவிடுவார். கப்பல் நினைத்தபோது வருகிற ஊரில் இப்படி ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் எந்த வீட்டிலும் ரசம் கொதிக்காது. இதில் திருட்டும் கிடையாது, ஒளிவும் கிடையாது. பெரிய அதிகாரிகள் வீட்டு அப்பளமே அப்படி வந்ததுதான்.

சிவஞானம் அப்படிப் பெட்டி திறக்கிற ஆள். ஊர்க் கூட்டங்கள் நடக்கிற பொது மண்டபத்தை ஒட்டின சர்க்கார் கிடங்குக்கு ஸ்டோர் கீப்பர். கும்பகோணத்துக்காரர். தீவுக்கு வந்து பாதி ஆயுசு போயும் அவர் பேசுகிற இந்தியில் காவேரித் தண்ணீர் வாசனை போகவில்லை. ஊரில் நல்ல மனுஷர் என்று பெயர். அந்தப் பெயர்தான் பின்னால் வினையாய் வந்து சேர்ந்தது.

எழுபத்தைந்தாம் வருஷம் மாசி மாதம் கப்பல் வராமல் ஊரே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரேஷன் கடையில் சர்க்கரை கிடையாது. பஜாரில் சேக் தாவூத் கடையில் போய்க் கேட்டால், “என்கிட்ட ஏண்ணே கேக்குறீங்க, கப்பலைக் கேளுங்க” என்று கையை விரித்தார். இந்தச் சமயம் பார்த்துத்தான் சிவஞானத்தின் மகள் மங்கையர்க்கரசிக்கு வளைகாப்பு வைத்திருந்தது. தலைப்பிரசவம். சம்பந்தி வீடு சௌல்தாரி கிராமத்தில் வயலும் தோப்புமாய் இருக்கிற குடும்பம். இனிப்பில்லாமல் வளைகாப்பு நடத்தினால் சம்பந்தியம்மா விசாலாட்சி வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள். முகத்தால் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருப்பாள். கல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்த மைத்துனன் திருநாவுக்கரசுக்கு ஒரு மாலுமி மூலம் சிவஞானம் சொல்லியனுப்பினார். எப்பாடு பட்டாவது சர்க்கரை அனுப்பு, அவ்வளவுதான் செய்தி.

கப்பல் வந்தது. கூடவே கியூபாவும் வந்தது.

ஊரில் நட்புறவுக் கமிட்டி என்று ஒன்று இருந்தது. அதன் செயலாளர் இராமகிருஷ்ணன். சிவஞானத்துக்கு ஆபீசிலும் மேலதிகாரி அவர்தான். எங்கெங்கோ எழுதிப் போட்டு, பதினொரு கியூபா ஓவியர்களின் கண்காட்சியைப் போர்ட் பிளேருக்குத் தருவித்திருந்தார். எல்லாரும் இந்தக் காலத்து ஆட்கள், உயிரோடு இருக்கிறவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். படங்கள் கப்பலில் முன்னால் வர, அந்தப் பதினொருவரில் ஒருத்தி மட்டும் பின்னால் விமானத்தில் வருவதாக ஏற்பாடு. ஊரில் பாதிப் பேருக்குக் கியூபா எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது. “அதுவும் நம்மள மாதிரி தீவுதான்யா” என்று இராமகிருஷ்ணன் சொன்னதும், அப்படியானால் பாவம், அவர்களுக்கும் கப்பல் லேட்டாகத்தான் வரும் என்று ஜனங்கள் உடனே பரிவு காட்டினார்கள்.

வந்த பெட்டியை உடனே திறந்து காற்றாடப் போட வேண்டும். இல்லாவிட்டால் தீவு ஈரத்தில் பூசணம் பூத்துவிடும். எந்தப் பெட்டியில் என்ன என்று எழுதின காகிதம் அந்த ஓவியக்காரியின் கைப்பையில் இருந்தது. அவள் வரட்டும் என்று சிவஞானம் காத்திருக்கவில்லை. எந்த ஸ்டோர் கீப்பரும் காத்திருக்க மாட்டான். கூலி ஆள் பன்னீர்செல்வத்தை வைத்துக்கொண்டு ஆணியைப் பிடுங்கினார்.

பன்னீர்செல்வம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவன். முதலில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே காய்ச்சலில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, பெண்டாட்டி செல்லத்தையும் மிச்சமிருந்த இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேர் வந்து நின்றான். சிவஞானம்தான் இராமகிருஷ்ணனிடம் சொல்லித் தினக்கூலியாகச் சேர்த்துவிட்டார். பகலில் கிடங்கு வேலை, இரவில் மண்டபக் காவல். கிடங்குக்குப் பின்னால் ஒரு தகர அறை. தேயிலைத் தோட்டத்துக் கூலி வீட்டைச் சொல்கிற பழக்கத்தில் அதையும் அவன் லயம் என்றுதான் சொல்வான். சித்திரையில் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பெண்கள் இரண்டும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தன.

நான்காவது பெட்டியில் சுருட்டின பெரிய படம் ஒன்று. அதன் பக்கத்தில் வைக்கோல் அணைத்து ஒரு சாக்கு மூட்டை. பன்னீர்செல்வம் முடிச்சை லேசாகத் தளர்த்தி மூக்கை வைத்தான்.

“ஐயா, சீனி! நம்ம நாட்டுச் சர்க்கரை மாதிரி பழுப்பா இருக்கு.”

சிவஞானத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “என் மச்சான் அனுப்பிட்டான்யா!” என்றார். மூட்டையில் பேர் எழுதவில்லை. சாக்கின் மேல் கறுப்பு மையில் ஏதோ அச்சடித்திருந்தது. எழுத்து இங்கிலீஷ் எழுத்து, படித்தால் இங்கிலீஷ் இல்லை. கல்கத்தா துறைமுகத்தில் எந்த நாட்டுச் சாக்குதான் கிடைக்காது? அதைப் பற்றி அவர் யோசிக்கவேயில்லை. பன்னீர்செல்வம் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு, பட்டப்பகலில், பஜார் வழியாக, அவர் வீட்டில் கொண்டுபோய் இறக்கினான். இதுவரைக்கும் சிவஞானத்தின் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

வளைகாப்பு ஜாம்ஜாமென்று நடந்தது. சிவஞானத்தின் மனைவி மரகதம் கேசரி, அதிரசம், பாயசம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அந்தச் சர்க்கரையில் ஒரு தனி மணம் இருந்தது. விசாலாட்சியே வாயைத் திறந்து, “சம்பந்தி, இது எந்தக் கடைச் சர்க்கரை?” என்று கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கல்கத்தா மைத்துனன் அனுப்பினது என்று சிவஞானம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். இராமகிருஷ்ணன் கேசரியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். செல்லமும் பிள்ளைகளும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மிச்சச் சர்க்கரையைக் கேட்ட வீட்டுக்கெல்லாம் மரகதம் கிண்ணம் கிண்ணமாக அளந்து கொடுத்தாள். காலிச் சாக்கு துவைத்து வாசற்படியில் மிதியடியாகிவிட்டது.

மறுவாரம் விமானத்தில் அந்த ஓவியக்காரி வந்து இறங்கினாள். மீர்த்தா என்று பெயர். முப்பது, முப்பத்தைந்து வயசு இருக்கும், குட்டை முடி, ஆண்பிள்ளைச் சட்டை. கூடவே அவள் பாஷை தெரிந்த தத்தா பாபு என்ற கல்கத்தாக்காரர் மொழிபெயர்க்க வந்திருந்தார். மண்டபத்துக்கு வந்து அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். தன் படத்துக்கு வந்ததும் கீழே தரையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். தத்தா பாபுவிடம் ஏதோ கேட்டாள்.

“சர்க்கரை மூட்டை எங்கே என்கிறார்” என்று தத்தா பாபு இந்தியில் சொன்னார். “படத்தோடு சேர்ந்தது. மூட்டை இல்லாமல் படம் பாதிதான்.”

அந்தப் படம் சாக்குகளைத் தைத்துச் சேர்த்த துணியில் எழுதினது. ஆள் உயரத்துக்கு ஒரு கரும்பு வெட்டுகிறவனின் குனிந்த முதுகு. அவன் நிழல் படத்தின் கீழ்விளிம்பு வரைக்கும் இறங்கி, அங்கேயிருந்து தரைக்கு வந்து, மூட்டையில் முடிய வேண்டியது. இப்போது வெறும் சிமெண்டில் முடிந்தது.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். ‘அம்மா, தெரியாமல் நடந்துபோச்சு, சந்துச் சாமான் என்று நினைத்தேன்’ என்று இரண்டு கையையும் கூப்பியிருந்தால் முடிந்தது விஷயம். வாயையும் திறந்தார். அதற்குள் இராமகிருஷ்ணன் குதிக்க ஆரம்பித்துவிட்டார். “அரே, இன்டர்நேஷனல் அவமானம்! நம்ம மண்டபத்துல திருட்டா? டெல்லிக்குத் தெரிஞ்சா என் உத்தியோகம் என்ன ஆகும்? எவன்யா எடுத்தவன்?” மீர்த்தா இன்னும் என்னவோ சொல்ல வந்தாள். தத்தா பாபுவும் கையை உயர்த்தினார். கேட்கிறதற்கு இராமகிருஷ்ணன் நின்றால்தானே! திருட்டு என்ற வார்த்தை விழுந்ததும் சிவஞானத்தின் வாய் தானாக மூடிக்கொண்டது.

“ராத்திரி இங்க படுக்கிறவன் யாரு? அந்த சிலோன்காரன்தானே? கூப்பிடு அவனை.”

பன்னீர்செல்வம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.

“மூட்டை எங்கடா?”

அவன் சிவஞானத்தைப் பார்த்தான். ஒரே ஒரு தடவைதான். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. சிவஞானம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான், அவர் செய்தது அவ்வளவுதான். ஆனால் ஒரு மனுஷன் செய்யக்கூடாததை எல்லாம் அந்த ஒரு திருப்பலிலேயே செய்துவிட்டார்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றான் பன்னீர்செல்வம்.

தன் தலையில் சுமந்து கொண்டுபோய் இறக்கியவன் தெரியாது என்கிறான். சிவஞானம் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கூடக் கழற்றாமல், வாசற்படியில் கிடந்த சாக்கைச் சுருட்டி அடுப்பில் திணித்தார். ஈரச் சாக்கு எரியாமல் புகைந்து வீடெல்லாம் கமறியது.

“என்ன பண்றீங்க?” என்று இருமிக்கொண்டே வந்தாள் மரகதம்.

விஷயத்தைச் சொன்னார். மரகதம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மகள் நிறைவயிற்றோடு படுத்திருக்கிறாள், மருமகளைப் பார்க்க வந்த சம்பந்தியம்மா கூடத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“இப்ப ஒண்ணும் சொல்லிடாதீங்க” என்றாள் குரலை இறக்கி. “சம்பந்தியம்மா முன்னாடி திருடன் பட்டம் கட்டிட்டா, அந்தப் பொண்ணு நாளைக்கு அந்த வீட்ல எப்படித் தலை நிமிந்து நடப்பா? அவ பெத்துப் பொழைக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

“பன்னீரு?”

“சும்மா ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்ருவாங்க. அவனை என்ன பண்ணிடப் போறாங்க?”

அந்த வார்த்தையைச் சிவஞானம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஏச்சோடு விட்டுவிடுவார்கள். கண்காட்சி திறப்பு முடியட்டும், சொல்லிவிடலாம். பெரிய அதிகாரிகள் வந்துவிட்டுப் போகட்டும், சொல்லிவிடலாம். சாக்குப்போக்கு தேடுகிறவனுக்குப் பஞ்சமா?

கண்காட்சி திறந்தது. பஜார் மொத்தமும் திரண்டு வந்தது. இவ்வளவு நிறம் போர்ட் பிளேர் எங்கே பார்த்தது? சுவர் நெடுக ரத்தச் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகத் துணித்திரையில் அச்சடித்த படங்கள். ஒரு சேவல், அதன் வால் முழுக்கப் பட்டாக்கத்திகள். ஒருத்தர் ஒரு பெரிய பலகை முழுவதையும் நீலத்தால் பூசிவிட்டு, ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு தோணியை வைத்திருந்தார். “இதுல என்ன இருக்கு, நீலத்தைக் கொட்டிட்டான்” என்றார் சேக் தாவூத். அவர் மனைவி ஜன்னத் பீவி, “நாம வந்த அன்னைக்குக் கடல் இப்படித்தானே இருந்துச்சு, நீங்க வாந்தியெடுத்துக்கிட்டுக் கீழ கிடந்தீங்க, எங்க பாத்தீங்க?” என்று சொல்லவும் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மரத்தில் செதுக்கி அச்செடுத்த ஒரு படத்தில், கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் காத்திருக்கிற கூட்டம். கையில் மூட்டை, தகரப்பெட்டி, கோழி, எல்லார் கண்ணும் ஒரே பக்கம். வங்காளியும் தெலுங்கனும் மலையாளியும் தமிழனும் அதன் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றார்கள். எந்த ஊர் ஜெட்டி என்று யாரும் கேட்கவில்லை.

மீர்த்தாவின் படத்துக்கு வந்தால் மட்டும் கேள்வி. மூட்டை இருக்க வேண்டிய இடத்தை அவள் சுண்ணாம்புக் கட்டியால் சதுரமாகக் கோடு போட்டு விட்டுவிட்டாள். மணலை நிரப்பி ஒரு சர்க்கார் சாக்கை வைக்கலாம் என்று இராமகிருஷ்ணன் யோசனை சொன்னார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். காலையில் வந்ததும் அந்தச் சதுரத்தைத் தானே துடைப்பத்தால் பெருக்குவாள். அந்தப் படத்தின் பக்கத்தில் காவல் நிற்கும்படி சிவஞானத்தைத்தான் நிறுத்தியிருந்தார்கள். அவர் நல்ல மனுஷராயிற்றே, நம்பிக்கையான ஆளாயிற்றே!

“இங்க என்னங்க இருந்துச்சு?” என்று ஒவ்வொருத்தராகக் கேட்டார்கள்.

“சர்க்கரை மூட்டை” என்பார்.

“எங்க அது?”

“திருட்டுப் போச்சு.”

தன் வாயாலேயே. நாள் முழுக்க. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் தொண்டையில் அந்தக் கேசரி திரும்பி வந்து நிற்கிற மாதிரி இருக்கும். “யாரு எடுத்தது?” என்று அதற்கு மேலும் கேட்பவர்களுக்கு, பக்கத்தில் நிற்கிற வேறு யாராவது, “அந்த சிலோன் ஆள்தானாம்” என்று பதில் சொல்லிவிடுவார்கள். சிவஞானம் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். ஆமாம் என்று சொல்லவில்லையே என்று மனசுக்குள் ஒரு கணக்கு வேறு. தூ!

பன்னீர்செல்வத்தை மண்டபத்துக்குள் விடுவதில்லை. வெளியே பெஞ்சு தூக்குகிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் சிவஞானம் கிடங்குப் பக்கம் போனால் அவன் எழுந்து நிற்பான். ஏசுவான், முறைப்பான், ‘ஏன்யா இப்படிப் பண்ணுனே’ என்று கேட்பான் என்று அவர் பயந்துகொண்டே போவார்.

“ஐயா, மங்கை பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு? வலி கிலி எடுக்குதா?” என்று கேட்பான் அவன்.

அதற்கு அவன் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம்.

மங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம். இனி சொல்வதற்கு என்ன தடை? மரகதமே சொன்னாள், “நாளைக்குப் போய்ச் சொல்லிடுங்க, எனக்கும் சோறு இறங்கல.” சரி, நாளைக்கு என்றார். அந்த நாளைக்கு விடிவதற்குள் உத்தரவு போட்டாகிவிட்டது. போலீசுக்குப் போனால் சந்தி சிரிக்கும் என்று, சத்தமில்லாமல் பன்னீர்செல்வத்தின் பெயரை வேலையிலிருந்து அடித்துவிட்டார் இராமகிருஷ்ணன். தகர அறையைக் காலி செய்ய வேண்டும். செல்லத்தின் அண்ணன் கச்சாலில் ரப்பர் பால் எடுக்கிறான். வியாழக்கிழமைக் கப்பலில் குடும்பத்தோடு அங்கேயே திரும்பிப் போய்விட வேண்டும். பிள்ளையைப் புதைத்த அதே கச்சாலுக்கு.

செல்லம் அறை வாசலில் உட்கார்ந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருப்பதை வியாழக்கிழமை காலை சிவஞானம் பார்த்தார். அவள் நிமிர்ந்து, “கும்புடுறேங்க ஐயா” என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை! சிவஞானம் நேரே இராமகிருஷ்ணனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

“சார், அந்த மூட்டையை எடுத்தது நான்தான். சந்துச் சாமான்னு நெனச்சு வளைகாப்புக்கு எடுத்துட்டேன். பன்னீரு மேல தப்பே இல்லை.”

இராமகிருஷ்ணன் பேனாவை மூடி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“யோவ், உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அந்தக் கேசரியை நான் ரெண்டு தடவை வாங்கித் தின்னேன்யா. என் வீட்டுக்கு வேற உன் சம்சாரம் ஒரு கிண்ணம் கொடுத்து விட்டா. கமிட்டி மெம்பர் பாதிப் பேர் பந்தியில இருந்தாங்க. கியூபாக்காரி சாமானைச் செயலாளரே தின்னுட்டாருன்னு பேப்பர்ல வரணுமா? சாயங்காலம் கண்காட்சி முடியுது. அவ நாளைக்கு ஏரோப்ளேன் ஏறிடுவா. வாயை மூடிக்கிட்டுப் போய் உன் வேலையைப் பாரு.”

“சார், அவன் பிள்ளைங்க படிப்பு...”

“கூலிக்காரனுக்கு எங்க போனாலும் கூலி வேலைதான். போ.”

சிவஞானம் வெளியே வந்தார். இத்தனை நாள் தன்னால் சொல்ல முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லியும் ஒன்றும் ஆகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர் காதில், மத்தியானத்துக்கு மேல் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்திலிருந்து கப்பலின் முதல் சங்கு கேட்டது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று மண்டபத்துக்குள் நுழைந்து, மீர்த்தாவின் முன்னால் போய் நின்றார். அவள் சுண்ணாம்புச் சதுரத்தின் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“தத்தா பாபு, நான் சொல்றதை அப்படியே இவங்ககிட்ட சொல்லுங்க” என்று இந்தியில் ஆரம்பித்து, பெட்டி திறந்தது, மச்சான் அனுப்பினது என்று நம்பினது, மகள் வளைகாப்பு, சாக்கை எரித்தது, பன்னீர்செல்வம் வாய் திறக்காதது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். பாதியில் இந்தி போய்த் தமிழ் வந்துவிட்டது. தத்தா பாபு திணறித் திணறிச் சொல்லி முடித்தார்.

மீர்த்தா ஏதோ ஒன்று கேட்டாள்.

“யாரெல்லாம் சாப்பிட்டார்கள் என்கிறார்.”

“எல்லாரும்” என்றார் சிவஞானம். “நெறமாசப் பொண்ணு, வந்த பொம்பளைங்க, ஆபீஸ்காரங்க, கூலிக்காரங்க, அவங்க பிள்ளைங்க. தெருவுல முக்கால்வாசி வீடு.”

அவள் கடகடவென்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. பக்கத்திலிருந்த பையைத் திறந்து சதுரத்தின் நடுவே கவிழ்த்தாள். மரக்கரண்டிகள், சின்னச் சின்னதாக, குவியலாக விழுந்தன. அவள் சொல்லச் சொல்லத் தத்தா பாபு சொன்னார்.

“இவர் அப்பா ஆயுசு முழுக்கப் பிறத்தியார் வயலில் கரும்பு வெட்டினாராம். அவர் வீட்டில் காபிக்குச் சர்க்கரை இருந்ததில்லையாம். அதனால் இந்தப் படத்தைப் பார்க்க வருகிற எல்லாரும் ஆளுக்கு ஒரு கரண்டி அள்ளித் தின்ன வேண்டும், மூட்டை காலியாக வேண்டும், அதுதான் படம். போன ஊர்களில் எல்லாம் ஜனங்கள் கூச்சப்பட்டுக்கொண்டு ஒரு சிட்டிகை எடுத்தார்களாம். பாதிக்கு மேல் எங்கேயும் தீர்ந்ததில்லையாம். உங்கள் ஊரில்தான் காலியாகியிருக்கிறது என்கிறார். முதல் நாளே இதைச் சொல்ல வந்தார். உங்கள் செயலாளர் கேட்கவில்லை. ஒருத்தன் திருடி விற்றுவிட்டான் என்று சொன்னதால் பிறகு இவரும் விட்டுவிட்டார்.”

சிவஞானம் கரண்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். திருட்டே இல்லை. எடுத்தது தப்பில்லை, தின்றது தப்பில்லை. அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பின ஒரு திருப்பலைத் தவிர வேறு எதுவுமே தப்பில்லை.

“சுமந்து போனவர் எங்கே, அவர் கையைப் பிடிக்க வேண்டும் என்கிறார்” என்றார் தத்தா பாபு.

இரண்டாவது சங்கு ஊதியது. சிவஞானம் செருப்பை எங்கே விட்டாரோ தெரியாது. அந்த வயசில், அந்த மேடு பள்ளத்தில், ஃபீனிக்ஸ் பே வரைக்கும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஜெட்டிக்குப் போய்ச் சேரும்போது ஏறுபலகையை இழுத்துவிட்டார்கள். கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த ஆளின் கையைப் பிடித்து, “ருக்கோ பாயி, ருக்கோ” என்று கப்பலை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். அவன் தோளை உதறிக்கொண்டு, “அக்லா ட்ரிப்” என்றான், இனி அடுத்த கப்பல்தான் என்று.

மேல்தட்டில் கம்பியோரம் பன்னீர்செல்வம் நின்றான். பக்கத்தில் செல்லம், இடுப்பில் சாக்குக் கட்டு. பெண்கள் இரண்டும் பள்ளிக்கூடப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தன.

“பன்னீரு!” சிவஞானத்துக்கு மூச்சு வாங்கியது. “சொல்லிட்டேன்யா! எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், நான்தான் எடுத்தேன்னு!”

பன்னீர்செல்வத்தின் முகம் மலர்ந்தது. கோபமில்லை, ஏளனமில்லை, சத்தியமாக மலர்ந்தது. “எனக்குத் தெரியுங்க ஐயா! நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும்!” என்று கத்தினான். செல்லம் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் அவள் காதில் ஏதோ சொன்னான். அவள் சாக்குக் கட்டை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

“திருட்டே இல்லை பன்னீரு! அந்தம்மா அதை எல்லாரும் திங்கறதுக்குன்னுதான் கொண்டாந்தாங்களாம்! உன் கையைப் பிடிக்கணும்னு சொல்றாங்க! அடுத்த கப்பல்ல வந்துடுங்க, நான் பாத்துக்கறேன்!”

கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் தண்ணீர் விரிய ஆரம்பித்தது. செல்லம் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“திங்கத்தான் கொண்டாந்ததுன்னா, திருட்டே இல்லைன்னா, நாங்க எதுக்குய்யா போறோம்?”

சத்தமாகத்தான் கேட்டாள். ஜெட்டியில் நின்றவர்கள் எல்லாரும் சிவஞானத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். செல்லம் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காதில் கையை வைத்துக்கொண்டு, கப்பல் திரும்பி அவள் நின்ற பக்கம் மறைகிற வரைக்கும் காத்துக்கொண்டு நின்றாள்.